மூளையில் ரத்தக்கசிவு: எந்த ஸ்கேன் போதும், எது வரை போக வேண்டும்?

"சி.டி.யிலேயே ரத்தம் தெரிஞ்சுபோச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு இன்னொரு ஸ்கேன்?"

ஸ்கேன் அறைக்கு வெளியே நிற்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. இதற்கு நேரெதிரான கேள்வியும் வரும்: "எம்.ஆர்.ஐ.தானே பெரிய ஸ்கேன்? முதல்லயே அதை எடுத்திருக்கலாமே?" மூன்றாவது கேள்வி, சம்மதப் படிவத்தைக் கையில் பிடித்தபடி தயங்கித் தயங்கி வரும்: "தொடை வழியா குழாய் விட்டு ஆஞ்சியோ பண்ணணுமாம். ஆபத்தாமே? வேண்டாம்னு சொல்லிடலாமா?"

மூன்றுமே நியாயமான கேள்விகள். நான் ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவர். நான்கு வரி எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிற வேலை எங்களுடையது. அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன முடிவெடுக்கிறது என்பது எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அடிபடாமல், விழாமல், தானாக ஏற்படும் ரத்தக்கசிவைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு.

அதற்கு முன் ஒரு வார்த்தை. திடீரென்று ஒரு பக்கக் கைகால் விழுந்துபோனாலோ, வாய் கோணிப் பேச்சு குழறினாலோ, இதுவரை வந்தே இராத தலைவலி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போனாலோ, எந்த ஸ்கேன் என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். இரவு பகல் பாராமல் சி.டி. எடுக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். பக்கவாதம் என்று நினைத்து வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிடவும் வேண்டாம். அடைப்பா, கசிவா என்பதை வெளியிலிருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

## "பிரஷர்தான் காரணம்" என்று எப்போது நம்பலாம்?

மூளைக்குள் ரத்தம் கசிந்து வருபவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அவசரப் பிரிவில் பி.பி. எகிறித்தான் இருக்கும். பல வருடம் ரத்த அழுத்தம் இருந்து குழாய் நைந்து வெடித்தவருக்கும் அப்படித்தான். நேற்று வரை 120/80 இருந்து, பிறவியிலேயே இருந்த ரத்தக்குழாய்ச் சிக்கல் இன்று உடைந்தவருக்கும் அப்படித்தான். மண்டைக்குள் அழுத்தம் ஏறும்போது உடல் தானாகவே பி.பி.யை உயர்த்திவிடும். ஆகவே வந்து சேர்ந்தபோது 190/110 இருந்தது என்பது மட்டும் காரணத்துக்குச் சாட்சி ஆகாது. பழைய மருந்துச் சீட்டு, எக்கோவில் தடித்திருக்கும் இதயச் சுவர், விழித்திரையில் நாள்பட்ட மாற்றங்கள், கிட்னி பாதிப்பு இவைதான் சாட்சி.

அடுத்த சாட்சி, ரத்தம் எங்கே கசிந்திருக்கிறது என்பது. நாள்பட்ட ரத்த அழுத்தம் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில்தான் கைவைக்கும். பெரிய தமனியிலிருந்து செங்குத்தாகப் பிரிந்து உள்ளே போகும் மெல்லிய குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன: பேசல் கேங்லியா, தலாமஸ், மூளைத்தண்டு, சிறுமூளை. அறுபது வயதுக்காரருக்கு, பத்து வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்கு, பேசல் கேங்லியாவில் ரத்தம் என்றால் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

மேற்பரப்பை ஒட்டிய மடல் பகுதிகளில் கசிந்தால் கதை வேறு. வயதானவர் என்றால், குழாய்ச் சுவரில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து அது நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். இளையவர் என்றால், தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட ஏ.வி.எம். முடிச்சு, மூளை உறையில் தமனியும் சிரையும் தவறாக இணைந்து உருவாகும் ஃபிஸ்டுலா, மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்களின் கொத்தான கேவர்னோமா என்று தேட வேண்டும். மூளையின் கழிவு ரத்தத்தை வெளியேற்றும் சிரைகள் அடைத்துக்கொண்டு, பின்னழுத்தம் தாங்காமல் கசிவதும் உண்டு. பிரசவித்த பெண்களிடமும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடமும் இதை மறக்கவே கூடாது. புற்றுநோய்க் கட்டியும் கசியலாம். மெலனோமா, சிறுநீரகம், தைராய்டு, நுரையீரல் இவற்றிலிருந்து பரவியவை அதில் பேர்போனவை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இதய வால்வில் கிருமித் தொற்று, கொக்கெயின் போன்ற போதைப்பொருள் இவையும் பட்டியலில் உண்டு.

மூளைக்குள் அல்லாமல் அதைச் சுற்றியுள்ள நீர்ப் பரப்பில் ரத்தம் பரவினால் நிலைமை முற்றிலும் வேறு. அதில் சுமார் 85 சதவீதம் அனியூரிசம், அதாவது தமனியின் கிளை பிரியும் இடத்தில் பலூன்போல உப்பிய குமிழ் வெடிப்பதால் வருவது. வெடித்த குமிழ் முதல் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் வெடிக்கும் வாய்ப்புதான் மிக அதிகம். அதனால் அங்கே காரணம் தேடுவதைத் தள்ளிப்போட முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் பிடிக்கும்? ரத்தம் இருப்பதைத் தவறவிடாமல் காட்டுமா? காரணத்தைக் காட்டுமா? இந்த நோயாளியால் அதைத் தாங்க முடியுமா? கடைசியாக, பதில் கிடைத்தால் சிகிச்சையில் ஏதாவது மாறுமா?

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம். 88 வயதில், ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருந்தவருக்கு ஏ.வி.எம். இருப்பது தெரிந்தாலும் யாரும் அறுவை சிகிச்சை செய்யப்போவதில்லை என்றால், அதைத் தேடிப் போவது அவருக்குச் செய்யும் உதவி அல்ல. அதே முடிச்சு 30 வயதுக்காரரிடம் இருந்தால், தேடாமல் விடுவது பெரிய பிழை.

## சாதாரண சி.டி.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில்தான் முதல் நோயாளிக்குத் தலை சி.டி. எடுக்கப்பட்டது. அதற்கு முன்பு, உயிரோடு இருக்கும் மனிதரின் மூளைக்குள் ரத்தக்கட்டியை நேரடியாகப் பார்க்கும் வழியே கிடையாது.

இன்றைக்கு நோயாளியை மேசையில் படுக்கவைத்து இறக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. படம் எடுப்பது சில நொடி. புது ரத்தம் சாம்பல் நிற மூளைக்கு நடுவே வெள்ளையாகத் தெரியும். ரத்தத்தில் உள்ள இரும்புதான் இந்த வெண்மைக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு குளோபின் என்ற புரதத்துடையது. ரத்தம் உறைந்து சுருங்கும்போது அது அடர்த்தியாகிறது. அதனால்தான் கடுமையான ரத்தசோகை உள்ளவரிடம் புது ரத்தம்கூட மூளையின் நிறத்திலேயே கலந்து ஏமாற்றிவிடும். அப்படிப்பட்டவருக்கு எடுக்கும்போது ஹீமோகுளோபின் அளவைப் படிவத்தில் எழுதி அனுப்பினால் எங்களுக்குப் பேருதவி.

அவசரத்தில் தேவையான பெரும்பாலான பதில்கள் இதிலேயே கிடைக்கும். ரத்தம் எங்கே, மூளையின் நடுவே உள்ள நீரறைகளுக்குள் இறங்கியிருக்கிறதா, மூளை ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ரத்தக்கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் அளவு மில்லிலிட்டரில் வந்துவிடும். 30 மில்லிலிட்டரைத் தாண்டுவது கவலைக்குரிய எல்லை. சிறுமூளையில் என்றால் 15 மில்லிலிட்டரே அறுவை சிகிச்சை நிபுணரை எழுப்பப் போதும்.

இதன் மறைவான விலை, அது தரும் நிம்மதி. தலைவலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள், நல்ல கருவியில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்த படம் அனியூரிசக் கசிவைத் தவறவிடுவது மிக அரிது. நாள் ஆக ஆக அந்த நம்பகம் தேய்ந்துகொண்டே போகும். ஒரு வாரத்தில் பாதிக்குப் பாதிதான். நான்கு நாள் கழித்து வந்தவரிடம் "சி.டி. நார்மல்" என்பது "ரத்தம் கசியவில்லை" என்று ஆகிவிடாது. அப்போது முதுகில் தண்டுவட நீர் எடுத்து மஞ்சள் நிறம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த நிறம் வர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும்.

கதிர்வீச்சு பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். ஒரு தலை சி.டி. தருவது சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஒரு வருடத்தில் நம் உடல் வாங்கும் கதிர்வீச்சை ஒட்டியது. கர்ப்பிணிக்குத் தலையில் எடுக்கும்போது கருவுக்குப் போவது மிக மிகச் சொற்பம். உயிர் ஊசலாடும்போது கர்ப்பம் என்பதற்காக சி.டி.யைத் தள்ளிவைக்கக் கூடாது.

## சி.டி. ஆஞ்சியோ

அதே மேசை, அதே கருவி. கையில் உள்ள நரம்பு வழியாக அயோடின் சாயத்தை வேகமாகச் செலுத்தி, அது மூளைத் தமனிகளை நிரப்பும் நொடியில் படம் எடுப்பது. உடம்பெல்லாம் சூடு பரவுவதுபோல் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொல்வார். இன்னும் சில நொடி காத்திருந்து எடுத்தால் சிரைகளும் தெரியும். இளம் பெண்ணுக்கு மடல் பகுதியில் கசிவு என்றால் அந்தச் சில நொடியைக் கேட்டு வாங்குங்கள் என்பேன். சிரை அடைப்பினால் வந்த கசிவுக்கு, மூளையில் ரத்தம் இருக்கும்போதே ஹெபாரின் கொடுப்பதுதான் சிகிச்சை. மற்ற எல்லாக் கசிவிலும் ஓடி ஒளிய வேண்டிய மருந்து இங்கே உயிர்காப்பது. காரணம் தெரிந்தால் சிகிச்சை தலைகீழாக மாறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அனியூரிசங்களை சி.டி. ஆஞ்சியோ பெரும்பாலும் பிடித்துவிடும். ஏ.வி.எம்.மின் பெரிய முடிச்சுகளும் தெரியும். சில சமயம் ரத்தக்கட்டிக்கு நடுவிலேயே சாயம் ஒரு சிறு புள்ளியாகக் கசிந்து நிற்கும். அந்தப் புள்ளியைப் பார்த்தால் உடனே போனை எடுப்போம், ஏனென்றால் கசிவு இன்னும் நிற்கவில்லை, கட்டி வளரப்போகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. முதல் சில மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கினருக்காவது ரத்தக்கட்டி பெருகும்.

யாருக்கு இதைக் கட்டாயம் எடுக்க வேண்டும்? 2022இல் அமெரிக்க இதயச் சங்கமும் ஸ்ட்ரோக் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: மடல் பகுதியில் கசிந்த, 70 வயதுக்குட்பட்ட எவருக்கும், ஆழத்திலோ சிறுமூளை, மூளைத்தண்டுப் பகுதியிலோ கசிந்த 45 வயதுக்குட்பட்டவருக்கும், அதே இடங்களில் கசிந்த, 45 முதல் 70 வயதுக்குள், ஏற்கெனவே ரத்த அழுத்தம் இல்லாதவருக்கும். இந்த மூன்று வரியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மறைவான விலை இரண்டு. ஒன்று சாயம். சிலருக்கு ஒவ்வாமை வரலாம், கிட்னி ஏற்கெனவே பழுதுபட்டவருக்குப் பாரமாகலாம். ஆனாலும் அனியூரிசம் வெடித்திருக்கலாம் என்ற நிலையில் கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது சரியான கணக்கு அல்ல. இரண்டாவது, இதுவும் "நார்மல்" என்று வரக்கூடும். புதிதாகக் கசிந்த ரத்தம் சின்ன முடிச்சை அமுக்கிப் பிடித்துக்கொண்டால் அதற்குள் சாயமே போகாது.

## எம்.ஆர்.ஐ.

"பெரிய ஸ்கேன்" என்ற பெயர் இதற்கு எப்படி வந்தது என்று புரிகிறது. குழாய் நீளம், சத்தம் அதிகம், நேரமும் அதிகம். ரத்தத்தைக் கண்டுபிடிப்பதில் இது சி.டி.க்குக் குறைந்தது இல்லை. 2004இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், ரத்தத்தைக் காட்டுவதற்கென்றே உள்ள படவரிசையை (சீக்வென்ஸ்) சேர்த்து எடுத்த எம்.ஆர்.ஐ., புதுக் கசிவைக் காட்டுவதில் சி.டி.க்குச் சமமாகவே நின்றது. பழைய கசிவைக் காட்டுவதில் முந்தியது.

அப்படியென்றால் ஏன் இதை முதலில் எடுப்பதில்லை? நோயாளியைப் பாருங்கள். அரை மயக்கத்தில் இருக்கிறார், கையைக் காலை உதறுகிறார், வாந்தி வருகிறது. இருபது முப்பது நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். உள்ளே போகுமுன் பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், கண்ணில் இரும்புத் துகள், பழைய அறுவை சிகிச்சையில் வைத்த உலோகக் கிளிப் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பதில் சொல்ல வேண்டியவருக்கோ பேச்சு வரவில்லை. வென்டிலேட்டர் இருந்தால் காந்தத்துக்கு ஒத்துவரும் தனிக் கருவி வேண்டும். குழாய்க்குள் போய்விட்டால் அவர் முகம் நமக்குத் தெரியாது. முதல் ஒரு மணி நேரத்தில் இந்த அபாயத்தை எடுப்பதற்கு நியாயமே இல்லை.

அந்த மணி நேரம் கடந்து நிலைமை சீரான பிறகு எம்.ஆர்.ஐ.க்கு ஈடு எதுவும் கிடையாது. ரத்தத்தின் வயதையே அது சொல்லிவிடும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்து, பிறகு மெத்ஹீமோகுளோபினாகி, கடைசியில் ஹீமோசிடெரினாகப் படியும் ஒவ்வொரு கட்டத்துக்கும் படத்தில் ஒரு நிறச் சேர்க்கை உண்டு. டி1 என்ற வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மூன்று நாளாவது ஆகியிருக்கும் என்று கணக்கு. கட்டியைச் சுற்றிக் கன்னங்கரேலென்று ஒரு வளையம் மட்டும் மிஞ்சினால் அது பழைய கசிவு.

என்னைப் பொறுத்தவரை இதன் தனிச் சிறப்பு எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வரிசை. இரும்பு படிந்த இடமெல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். எந்த அறிகுறியும் காட்டாமல் எப்போதோ கசிந்து நின்ற நுண்கசிவுகள் அவை. அந்தப் புள்ளிகள் தலாமஸ், மூளைத்தண்டு என்று ஆழத்தில் சிதறிக் கிடந்தால் ரத்த அழுத்தத்தின் கைவரிசை. மேற்பரப்பிலேயே குவிந்து, மூளை மடிப்புகளின் ஓரம் மை பூசியதுபோல் கருத்திருந்தால் அமிலாய்டு. 50 வயதைக் கடந்தவர்களிடம் இதை முடிவு செய்யப் பாஸ்டன் அளவுகோல் என்ற விதிமுறை இருக்கிறது. 2022இல் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள்.

இது வெறும் பெயர் சூட்டும் வேலை அல்ல. அமிலாய்டுக் கசிவு திரும்ப வரும் வாய்ப்பு, ரத்த அழுத்தக் கசிவைவிட அதிகம். அந்த நோயாளிக்கு இதயத் துடிப்பு சீரற்று, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தேவைப்பட்டால், கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு இந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் எடுக்கப்படும். அல்சைமர் நோய்க்கு வந்திருக்கும், அமிலாய்டை அகற்றும் புதிய மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

கேவர்னோமா விஷயத்திலும் எம்.ஆர்.ஐ.தான் கதி. அதில் ரத்த ஓட்டம் மிக மெதுவானது என்பதால் எந்த ஆஞ்சியோவிலும் தெரியாது. புற்றுநோய்க் கட்டியிலிருந்து கசிந்ததா என்று பார்க்கவும் இதுவே. முதல் வாரத்தில் கட்டியை ரத்தம் மூடி மறைத்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வோம். அந்த இரண்டாவது படத்துக்கு வராமல் விடுபவர்கள் நிறைய. கைகால் சரியாகிவிட்டது, எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வாருங்கள்.

எம்.ஆர்.ஐ. சாயமான கடோலினியம், கிட்னி முற்றிலும் செயலிழந்தவருக்கும் கர்ப்பிணிக்கும் கூடுமானவரை தவிர்க்கப்படுவது. சாயமே இல்லாமல் தமனியையும் சிரையையும் காட்டும் முறைகள் எம்.ஆர்.ஐ.யில் உண்டு என்பது இவர்களுக்குக் கிடைத்த நல்ல வழி.

## குழாய் வழி ஆஞ்சியோ: டி.எஸ்.ஏ.

தொடை அல்லது மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, கழுத்துத் தமனிகள் வரை கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சாயம் செலுத்திப் பார்ப்பது. மூளைத் தமனிகளைச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறையை எகாஸ் மோனிஸ் 1927இல் போர்ச்சுகலில் தொடங்கிவைத்தார். நூறு வருடத்தை நெருங்கிய முறை; இன்றும் கடைசி வார்த்தை இதனுடையதுதான்.

காரணம், இது படம் காட்டுவதில்லை, ஓட்டத்தைக் காட்டுகிறது. சாயம் தமனியில் ஏறி, நுண்குழாய்களில் பரவி, சிரையில் இறங்குவதை நொடிக்கு நொடி பார்க்கலாம். தமனியில் சாயம் இருக்கும்போதே ஒரு சிரை முந்திக்கொண்டு நிரம்பினால், நடுவில் ஏதோ குறுக்குவழி இருக்கிறது என்று பொருள். ஏ.வி.எம்.மும் ஃபிஸ்டுலாவும் அகப்படுவது அந்த அரை நொடியில்தான். கண்டுபிடித்த கையோடு, அதே குழாய் வழியாக அனியூரிசத்தை மெல்லிய உலோகச் சுருள் (காயில்) வைத்து அடைக்கவும் முடியும்.

நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஒரு ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. 18 முதல் 70 வயதுக்குட்பட்ட 298 பேர். ரத்த அழுத்தக் கசிவாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கத்தக்கவர்களை, அதாவது ஏற்கெனவே பி.பி. இருந்து ஆழத்தில் கசிந்த 45 வயதைத் தாண்டியவர்களை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். மீதியுள்ளவர்களுக்கு முதலில் சி.டி. ஆஞ்சியோ, அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. ஆஞ்சியோ, அதிலும் இல்லையென்றால் டி.எஸ்.ஏ. மொத்தம் 69 பேருக்கு ரத்தக்குழாய்க் கோளாறு இருந்தது. சி.டி. ஆஞ்சியோ பிடித்தது 51. எம்.ஆர்.ஐ. கூடுதலாகப் பிடித்தது 2 மட்டும். டி.எஸ்.ஏ. இன்னும் 15 பேரைக் கண்டுபிடித்தது. மிச்சம் ஒருவரின் கேவர்னோமா பின்னாளைய எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. முதல் இரண்டும் சரியாக இருந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடிய அந்தப் 15 பேர்தான், டி.எஸ்.ஏ. எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில்.

ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன். குழாயின் நுனியில் உருவாகும் உறைவு மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். நிரந்தரப் பாதிப்பு அனுபவமுள்ள கைகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வயதானவருக்கு, தமனி கொழுப்பேறி வளைந்தவருக்கு அது கூடும். தொடையில் துளையிட்ட இடத்தில் ரத்தக்கட்டு வரலாம், சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். எல்லா ஊரிலும் இதைச் செய்யும் குழு இருக்காது என்பதால், ஆம்புலன்ஸில் இடம் மாற்றும் அபாயமும் இதன் கணக்கில் சேரும். ஆனால் நீரறைகளுக்குள் மட்டும் ரத்தம், மூளைத் திசுவில் எதுவுமில்லை என்ற அரிய நிலையில் தயங்காமல் இதைச் செய்ய வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | சாதாரண சி.டி. | சி.டி. ஆஞ்சியோ | எம்.ஆர்.ஐ. | டி.எஸ்.ஏ. |
|---|---|---|---|---|
| நேரம் | சில நிமிடம் | கூடுதலாகச் சில நிமிடம் | 20 முதல் 40 நிமிடம் | ஒரு மணி நேரத்தை ஒட்டி, பிறகு படுக்கை ஓய்வு |
| புது ரத்தம் | மிக நன்றாக | சாதாரண சி.டி.யோடு சேர்த்தே எடுக்கப்படுவது | மிக நன்றாக | காட்டாது |
| பழைய கசிவு, நுண்கசிவு | தெரியாது | தெரியாது | இதற்கு நிகரில்லை | தெரியாது |
| அனியூரிசம் | தெரிவது அரிது | 3 மி.மீ.க்கு மேல் நன்றாக | ஓரளவு நன்றாக | மிகச் சிறியதும் தெரியும் |
| சின்ன ஏ.வி.எம்., ஃபிஸ்டுலா | தெரியாது | தவறவிடலாம் | தவறவிடலாம் | இதற்கு நிகரில்லை |
| கேவர்னோமா, கட்டி, அமிலாய்டு | சந்தேகம் மட்டும் | உதவாது | இதற்கு நிகரில்லை | உதவாது |
| மறைவான விலை | தாமதமாக எடுத்தால் பொய்யான நிம்மதி | சாயம். அமுங்கிய முடிச்சு தெரியாமல் போவது | நிலையில்லாத நோயாளிக்கு ஆபத்தான காத்திருப்பு | சிறிதளவு பக்கவாத அபாயம், இடமாற்றம் |

## யாருக்கு எது வரை?

நாள்பட்ட பி.பி., 70 வயதை ஒட்டியவர், பேசல் கேங்லியாவில் கசிவு: சி.டி. போதும். முதல் நாளில் ரத்தக்கட்டி வளர்கிறதா என்று பார்க்க இன்னொரு சி.டி. தேவைப்படலாம். டி.எஸ்.ஏ. வேண்டாம் என்று நிம்மதியாகச் சொல்லுங்கள்.

வயதானவர், மடல் பகுதியில் கசிவு, கொஞ்ச நாளாக ஞாபகமறதி: நிலைமை சீரானதும் எஸ்.டபிள்யூ.ஐ. உள்ள எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அந்த வரிசை எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாத எம்.ஆர்.ஐ. இந்தக் கேள்விக்குப் பாதி பதில்தான் தரும்.

திடீர் இடித் தலைவலி, மூளையைச் சுற்றி ரத்தம்: சி.டி.யோடு சேர்த்து அன்றைக்கே சி.டி. ஆஞ்சியோ. அதில் எதுவும் இல்லையென்றால் டி.எஸ்.ஏ. அதுவும் சுத்தமாக இருந்து, ரத்தம் மூளைத்தண்டின் முன்பக்கம் மட்டும் தேங்கியிருந்தால், அது அனியூரிசம் இல்லாத, நல்ல விதமாகவே முடியும் வகை. பத்தில் ஒருவருக்கு இப்படி. ஆனால் ரத்தம் பரவலாக இருந்தும் டி.எஸ்.ஏ. சுத்தம் என்றால், ஒரு வாரம் போல் கழித்து மறுபடியும் செய்வார்கள். "முதல் தடவை சரியாகச் செய்யவில்லையா?" என்று கோபப்படாதீர்கள். வெடித்த குமிழுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் முதல் நாளில் அது தெரியாது.

பிரசவம் ஆன சில வாரத்தில் தலைவலி, வலிப்பு, மடல் பகுதிக் கசிவு: சிரைகளைக் காட்டும் படம் இல்லாமல் விடக் கூடாது. சி.டி.யிலும் எடுக்கலாம், எம்.ஆர்.ஐ.யிலும் எடுக்கலாம்.

வார்ஃபரின் எடுப்பவர்: முதலில் மருந்தை முறிக்கும் சிகிச்சை, பிறகு மற்றதெல்லாம். ஆனால் மாத்திரை எடுத்தார் என்பதோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை கசிவைப் பெரிதாக்கும்; கசிந்த இடத்தில் வேறொன்று ஒளிந்திருக்கக்கூடும்.

இளையவர், மடல் பகுதிக் கசிவு, பழைய பி.பி. கிடையாது: சி.டி. ஆஞ்சியோ, எம்.ஆர்.ஐ. இரண்டும் சுத்தமாக இருந்தாலும் டி.எஸ்.ஏ. வரை போங்கள். அதுவும் சுத்தமாக இருந்தால், ரத்தக்கட்டி கரைந்தபின், இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு முறை.

இந்தக் கடைசி வரியை நான் கற்றுக்கொண்டது 42 வயதுப் பெண் ஒருவரிடம். இடது பக்க மடலில் கசிவு. பொருள்களைத் தெரியும், பெயர் மட்டும் வாயில் வராது. பேனாவைக் காட்டினால் "எழுதுவாங்களே, அது" என்பார். வந்தபோது பி.பி. 190/110. முன்பு ஒருபோதும் இருந்ததில்லை. சி.டி. ஆஞ்சியோவைப் பார்த்து "ரத்தக்குழாய்க் கோளாறு எதுவும் இல்லை" என்று எழுதியது நான்தான். எம்.ஆர்.ஐ.யிலும் ரத்தக்கட்டியைத் தவிர ஒன்றுமில்லை. பி.பி. மாத்திரையோடு வீட்டுக்குப் போனார். மூன்று வாரத்தில் பி.பி. தானாகவே இறங்கிவிட்டது, மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றியது. அந்த ஒரு விஷயம் உறுத்தியதால், அவரைப் பார்த்துவந்த நரம்பியல் மருத்துவர் விடாமல் டி.எஸ்.ஏ.க்கு எழுதினார். மூன்றாவது மாதம் செய்தபோது, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு ஏ.வி.எம். அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள்.

அவர் கணவர் முதல் நாள் படங்கள் இருந்த டிஸ்க்கைப் பத்திரமாக வைத்திருந்தார். பெரும்பாலானவர்கள் அச்சிட்ட ஃபிலிமையும் அறிக்கையையும் மட்டும் வாங்கிப் போய்விடுவார்கள். ஃபிலிமில் இருப்பது நாங்கள் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான், டிஸ்க்கில் எல்லாம் இருக்கும். அதை வாங்கி, என் மேசையில் போட்டு, ஒவ்வொரு ஸ்லைஸாக நகர்த்தினேன். ரத்தக்கட்டியின் பின் ஓரத்தில் ஒரு சிரை, பக்கத்துச் சிரைகளைவிட ஒரு நூல் தடித்து, அவை நிரம்பும் முன்பே சாயம் நிரம்பி நின்றது. முதல் நாளே அங்கே இருந்தது.